மோதிவிட்டுத் தப்பிச் செல்லுதல் (இந்தியச் சட்டம்)

மோதிவிட்டுத் தப்பிச் செல்லுதல் என்பது, சாலை விபத்தில் தொடர்புடைய வாகனத்தின் ஓட்டுநர், காயமுற்றவருக்கு உதவாமலும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலும் விபத்து நிகழ்ந்த இடத்தை விட்டு நீங்குவதைக் குறிக்கும். பேச்சு வழக்கிலும் காவல் நிலையங்களிலும் இது ‘ஹிட் அண்டு ரன்’ என்றே வழங்குகிறது. “அடையாளம் தெரியாத வாகனம் மோதி” என்று தமிழ் நாளிதழ்களில் வரும் சிறு செய்திகள் பெரும்பாலும் இவ்வகை விபத்துகளைப் பற்றியவையே. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் இத்தகைய விபத்துகள் 67,387 நிகழ்ந்தன. அவற்றில் 30,486 பேர் இறந்தனர்.

இதற்கான முதன்மைச் சட்டம் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஆகும். இதற்கு முன்னிருந்த 1939 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓட்டுநரின் கடமைகள் 89 ஆம் பிரிவில் கூறப்பட்டிருந்தன. விபத்தை விளைவித்த குற்றத்துக்கு 2024 சூன் 30 வரை இந்தியத் தண்டனைச் சட்டமும், சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவும் பொருந்துகின்றன. இக்கட்டுரை இச்சட்டங்களை, லாரித் தொழில் மிகுந்த சேலம், நாமக்கல் சமவெளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சட்டத்தில் இரு பொருள்

ஒரே பெயர் சட்டத்தில் இரு பொருளில் ஆளப்படுவதை முதலில் பிரித்தறிதல் நலம். ஓட்டுநரின் குற்றம் என்ற நோக்கில், விபத்துக்குப் பின் கடமையைச் செய்யாமல் சென்றவர் எவரும் தப்பிச் சென்றவரே. மறுநாள் பிடிபட்டாலும் அக்குற்றம் மாறாது. இழப்பீடு என்ற நோக்கில் அவ்வாறு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 145 ஆம் பிரிவு, உரிய முயற்சிகளுக்குப் பின்னும் எந்த வாகனம் என்று கண்டறிய முடியாத விபத்தை மட்டுமே இப்பெயரால் வரையறுக்கிறது.

சங்ககிரி அருகே மிதிவண்டியில் சென்ற ஒருவரை லாரி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது என்று கொள்வோம். பின்னால் வந்தவர் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டால், ஓட்டுநர் தப்பியிருந்தாலும் இழப்பீட்டுச் சட்டத்தின் கண்ணில் அது வழக்கமான விபத்து. ஒருவரும் எண்ணைக் காணாவிட்டால் அது வேறு வகை. இவ்வேறுபாட்டின் பொருள் என்ன என்பது இழப்பீடு பற்றிய பகுதியில் தெளிவாகும்.

சேலம், நாமக்கல் சமவெளி

நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து 1997 சனவரி 1 அன்று பிரிக்கப்பட்டது. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இச்சமவெளியில் பெருஞ்சாலைகள் பல கூடுகின்றன. முன்பு 7 என்று எண்ணிடப்பட்டிருந்த தேசிய நெடுஞ்சாலை 44 சேலத்திலிருந்து நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் காவிரியைக் கடந்து கரூர் செல்கிறது. முன்பு 47 எனப்பட்ட நெடுஞ்சாலை 544 சங்ககிரி வழியாகக் கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் போகிறது. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலை இப்போது 79 என்ற எண்ணைத் தாங்கியுள்ளது.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்துள்ளன. சமையல் எரிவாயுவை ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகள், கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகள், இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆகியவை இப்பகுதியின் அடையாளங்கள். இங்கு ஒரு வீட்டில் லாரி ஓட்டுநர் இருப்பார். அடுத்த வீட்டில் நான்குவழிச் சாலையைக் கடந்து வேலைக்குப் போகும் பண்ணைத் தொழிலாளி இருப்பார். இச்சட்டத்தின் இரு முனையிலும் நிற்பவர்கள் இவர்களே. தப்பிச் சென்ற ஓட்டுநர் என்றால் பணக்காரர் ஓட்டிய வெளிநாட்டுக் கார் என்ற எண்ணத்தைத் திரைப்படங்களும் பெருநகரச் செய்திகளும் வளர்த்துள்ளன. நெடுஞ்சாலையில் அவ்வெண்ணம் பெரிதும் பொருந்துவதில்லை.

ஓட்டுநரின் கடமைகள்

134 ஆம் பிரிவு மூன்று கடமைகளைக் கூறுகிறது. முதலாவது, காயமுற்றவரை அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டு சேர்த்து சிகிச்சை கிடைக்க இயன்றதைச் செய்வது. இரண்டாவது, காவல் அலுவலர் கேட்கும் விவரங்களைத் தருவது. காவல் அலுவலர் அங்கு இல்லையெனில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் நடந்ததைக் கூடிய விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள், தெரிவிப்பது. மூன்றாவது, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பது.

முதற் கடமைக்குச் சட்டமே ஒரு விலக்கு அளிக்கிறது. கும்பலின் சீற்றத்தாலோ தன் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ இயலாதபோது, காயமுற்றவரைக் கொண்டு செல்லாமை குற்றமாகாது. ஓட்டுநரை இழுத்துப் போட்டு அடிப்பதும் வண்டிக்குத் தீ வைப்பதும் நம் சாலைகளில் நடப்பவை என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்தே இருந்தனர். ஆனால் இவ்விலக்கு இரண்டாம் கடமைக்கு இல்லை. மாறாக, உதவ முடியாமற் போனதற்கான காரணத்தையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் கூற வேண்டும் என்கிறது அதே பிரிவு. ஆகவே இடத்தை விட்டு நீங்குவது எல்லா நிலையிலும் குற்றம் என்று சட்டம் கூறவில்லை. அஞ்சி விலகிய ஓட்டுநர் அடுத்த காவல் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே சென்றால் அவர் இப்பிரிவை மீறியவர் அல்லர். ஊருக்கு வந்து சேர்ந்து, முதலாளியிடம் கலந்து பேசி, நான்கு நாள் கழித்துச் சரணடைந்தால் மீறியவரே. மொழி தெரியாத மாநிலங்களில் ஓட்டும் நாமக்கல் ஓட்டுநர்களுக்கும் இதுவே விதி. காவல் நிலையம் எந்த ஊரில் இருந்தாலும், அருகில் உள்ளதாக இருந்தால் போதும்.

132 ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தம் பெயரையும் முகவரியையும் தந்து கேட்டால், ஓட்டுநர் தம் பெயர், முகவரி, வாகன உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைத் தர வேண்டும்.

உரிமையாளரின் பொறுப்பு 133 ஆம் பிரிவில் உள்ளது. குறித்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்று காவல் அலுவலர் கேட்டால், அவரது பெயர், முகவரி, உரிம விவரம் ஆகியவற்றை உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும். உரிமையாளர் வேறு, ஓட்டுநர் வேறு என்றிருக்கும் லாரித் தொழிலில் இப்பிரிவுக்குத் தனி இடம் உண்டு. உண்மையில் ஓட்டியவருக்குப் பதிலாக வேறொருவரைக் காவல் நிலையத்தில் நிறுத்துவது, இரத்தக் கறையைக் கழுவுவது, உடைந்த முகப்பு விளக்கை அவசரமாக மாற்றுவது போன்றவை இதனினும் பெரிய குற்றங்களாகும். சான்றை மறைத்தலுக்கு நியாய சன்ஹிதாவின் 238 ஆம் பிரிவு தனியே தண்டனை விதிக்கிறது.

தண்டனைகள்

132, 133, 134 ஆம் பிரிவுகளின் இக்கடமைகளை மீறுவதற்கான தண்டனை 187 ஆம் பிரிவில் உள்ளது. தொடக்கத்தில் அது மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் என்ற அளவிலேயே இருந்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என உயர்த்தியது. மீண்டும் அதே குற்றம் செய்தால் ஓராண்டு, 10,000 ரூபாய். ஒரு மனிதரைச் சாலையில் குற்றுயிராக விட்டுச் சென்றதற்கு இது சிறிய தண்டனை என்றே தோன்றும்.

எனினும் ஓட்டுநரைத் தொழில் வழியே தாக்கும் விதி ஒன்று 20 ஆம் பிரிவில் உள்ளது. 134 ஆம் பிரிவை மீறியதாகத் தண்டிக்கப்பட்டவரை, குறைந்தது ஒரு மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவர் என நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். இதைத் தவிர, நடுவண் மோட்டார் வாகன விதிகளின் 21 ஆம் விதி, 134 ஆம் பிரிவை மீறுவதைப் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. அதனால் உரிமம் வழங்கும் அலுவலரும் நடவடிக்கை எடுக்கலாம்.

விபத்தை விளைவித்த குற்றம் இவற்றினும் வேறானது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை விதித்தது. நியாய சன்ஹிதாவின் 106(1) ஐந்து ஆண்டு வரை விதிக்கிறது. இரண்டுமே பிணையில் விடத்தக்க குற்றங்கள். ஓடிப்போனார் என்பதால் மட்டும் ஒருவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று முடிவு செய்துவிட முடியாது, அச்சத்தாலும் ஓடியிருக்கலாம். நீதிமன்றங்கள் தலைமறைவை மற்றச் சான்றுகளோடு சேர்த்து எடை போடும் ஒரு சூழ்நிலையாகவே கொள்கின்றன.

குடிபோதையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் 185 ஆம் பிரிவின்படி குற்றம். சில மணி நேரம் கழிந்தால் அளவு இறங்கிவிடும். ஆகவே தப்பிச் செல்வோர் சிலர் தப்புவது கும்பலிடமிருந்து அன்று, மூச்சுச் சோதனைக் கருவியிடமிருந்தே.

மிகக் கடுமையான நிலையில் குற்றம் கவனக்குறைவு என்ற எல்லையைத் தாண்டிவிடும். 1999 சனவரி 10 அன்று அதிகாலையில் டெல்லி லோதி காலனியில் பி.எம்.டபிள்யூ கார் ஒன்று காவலர்கள் உள்ளிட்டோர் மீது மோதியதில் ஆறு பேர் இறந்தனர். கார் நிற்காமல் சென்றது. இவ்வழக்கில் 2012 ஆகத்தில் உச்ச நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்தலே என்று தீர்ப்பளித்தது. சிறைத் தண்டனையை ஏற்கெனவே கழித்த காலத்தோடு நிறுத்திக்கொண்டது. 50 இலட்சம் ரூபாய் செலுத்தவும் இரண்டு ஆண்டு சமூகப் பணி செய்யவும் ஆணையிட்டது. அத்தொகை, அடையாளம் தெரியாத வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பொருட்டுக் கேட்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரிவு 106(2)

2023 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, கவனக்குறைவாக வாகனம் ஓட்டி மரணம் விளைவித்துவிட்டு, அதன்பின் விரைவில் காவல் அலுவலருக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இது பிணையில் விட முடியாத குற்றம். 2024 சனவரி முதல் இரு நாட்களில் வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினர். எரிபொருள் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. சனவரி 2 அன்று உள்துறைச் செயலர் அனைத்திந்திய மோட்டார் போக்குவரத்துப் பேராயத்துடன் பேசி, அவ்வமைப்பைக் கலந்த பின்னரே இப்பிரிவு நடைமுறைக்கு வரும் என உறுதியளித்தார். அடுத்த மாத அறிவிக்கை, சூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் பிரிவுகளிலிருந்து 106(2) ஐ விலக்கியது. அது நடைமுறைக்கு வரத் தனி அறிவிக்கை தேவை.

ஓட்டுநர்களின் எதிர்ப்புக்கு ‘நின்றால் கும்பல், போனால் சிறை’ என்ற வாதமே அடிப்படை. ஆனால் பிரிவின் சொற்களை நோக்கின், அது தண்டிப்பது நீங்குதலை மட்டும் அன்று, தெரிவிக்காமல் நீங்குதலை. அவ்வகையில் அது 134 ஆம் பிரிவோடு ஒத்ததே. உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 134 ஆம் பிரிவு 24 மணி நேரம் என்று வரையறுக்க, 106(2) ‘விரைவில்’ என்று மட்டும் கூறுகிறது. தொலைபேசியில் தெரிவித்தால் போதுமா, நேரில் செல்ல வேண்டுமா என்பதையும் அது கூறவில்லை. பத்தாண்டுச் சிறை தொங்கும் ஓரிடத்தில் இத்தகைய தெளிவின்மை நல்லதன்று. தன்மீதே குற்றம் சாட்டும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3) உறுப்புக்கு இது முரண் என்ற வாதமும் வைக்கப்பட்டுள்ளது.

இழப்பீடு

தப்பிச் செல்வதன் மிகப் பெரிய விளைவு ஓட்டுநர் மீது விழுவதில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் மீதே விழுகிறது. எண்களால் இதனைக் காணலாம்.

மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் விபத்தில் இறக்கிறார். மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருந்தனர் எனக் கொள்வோம். வாகனம் எது என்று தெரிந்தால், குடும்பத்தினர் 166 ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தரும் முறைப்படி, வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் மாத வருமானம் 21,000. இறந்தவரின் சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக 32,13,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல். ஓட்டுநரின் தவறு மெய்ப்பிக்கப்பட்டால் இத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். ஓட்டுநர் தப்பியோடினார் என்பது பாதிக்கப்பட்டோருக்குப் பணம் தர மறுக்கும் காரணமாகச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

அதே விபத்தில் வாகனம் தெரியாமற் போனால், அதே குடும்பத்துக்குக் கிடைப்பது 2,00,000 ரூபாய். கொடுங்காயத்துக்கு 50,000. இதுவும் அண்மைக் காலத்து உயர்வே. 1982 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இவ்வுதவி முதலில் வந்தபோது மரணத்துக்கு 5,000, கொடுங்காயத்துக்கு 1,000 என இருந்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 8,500, 2,000 என்றும், 1994 இல் 25,000, 12,500 என்றும் ஆனது. பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அது அசையவே இல்லை. இப்போதைய தொகைகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின் வழியே வழங்கப்படுகின்றன.

இரு தொகைகளுக்கும் இடையே பதினாறு மடங்கு வேறுபாடு உள்ளது. ஒரு பதிவெண்ணை யாரோ பார்த்தார்களா இல்லையா என்பதே அவ்வேறுபாடு. அதனால்தான் கண்ணாடிச் சில்லு, பெயர்ந்த வண்ணப்பூச்சு, கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவு ஆகியவற்றைக் காவல்துறை விரைந்து சேகரிப்பது குற்ற வழக்குக்கு மட்டுமன்றி இழப்பீட்டுக்கும் இன்றியமையாதது. 2021 பெப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின், ஓமலூர், வைகுந்தம், இராசம்பாளையம் போன்ற சுங்கச் சாவடிகளை எந்த லாரி எந்நேரத்தில் கடந்தது என்பது பதிவாகிறது. இப்பதிவுகள் ஐயத்துக்குரிய வண்டிகளின் பட்டியலைக் குறுக்க உதவும். கிராமங்களுக்கு இடையேயான இணைப்புச் சாலைகளில் இவ்வசதி இல்லை.

2022 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி விண்ணப்பத்தை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் அளிக்க வேண்டும். அவர் விசாரித்து அனுப்பும் அறிக்கையின்பேரில் மாவட்ட ஆட்சியர் தொகைக்கு ஒப்புதல் தருவார். பொதுக் காப்பீட்டு மன்றம் அதனைச் செலுத்தும். வழக்கறிஞரோ நீதிமன்றமோ தேவையில்லை. சேலம் மாவட்டத்தில் சேலம், சங்ககிரி, மேட்டூர், ஆத்தூர் ஆகிய ஊர்களிலும், நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலும் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. பின்னர் வாகனம் கண்டறியப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால், முன்பு பெற்ற தொகை 163 ஆம் பிரிவின்படி அதில் ஈடு செய்யப்படும். எனவே விண்ணப்பிப்பதால் எவ்வித இழப்பும் இல்லை.

எனினும் இத்தொகையைப் பெறுவோர் மிகச் சிலரே. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 சனவரி 12 அன்று ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் 660 மரணங்களுக்கும் 113 காயங்களுக்கும் மட்டுமே இவ்வுதவி வழங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. ஓராண்டிலேயே முப்பதாயிரம் பேர் இவ்வாறு இறக்கும் நாட்டில் இது பெருங்குறை. வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வாகனத்தைக் கண்டறிய முடியாவிட்டால், இத்திட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம் என்பதைக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் குடும்பத்தினருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அவ்வாணை கூறுகிறது. அக்கடிதம் வரவில்லையெனில் கேட்டுப் பெறுவது குடும்பத்தினரின் உரிமை.

தீர்ப்பாயத்தில் மனு செய்ய ஆறு மாதக் காலவரம்பு 2022 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. காலங்கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

மருத்துவ உதவியும் உதவுவோரும்

கார் மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர் ஓட்டி ஒருவரை மருத்துவமனை ஒன்று ஏற்க மறுத்து, சட்ட வழக்குகளை ஏற்கும் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியில் இறந்தார் என்ற செய்தியே பரமானந்த் கட்டாரா வழக்குக்கு (1989) வித்திட்டது. உயிர் காப்பதே முதற்கடமை, காவல்துறை நடைமுறைகள் பின்னர் என்று உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. 134 ஆம் பிரிவும் மருத்துவர்களுக்கு இக்கடமையை விதிக்கிறது.

விபத்தைக் கண்டவர் உதவத் தயங்குவதற்குக் காவல் நிலைய அலைச்சலே காரணம் என்பதால், 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் 134ஏ என்ற பிரிவால் அதனைச் சட்டமாக்கியது. உதவியவர் தம் பெயரைக் கூறவோ சாட்சியாகவோ கட்டாயப்படுத்தப்படமாட்டார். தமிழ்நாட்டில் 2021 திசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நடுவண் அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம் ஏழு நாள் வரை 1.5 இலட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. மோதிய வாகனம் எது என்று தெரிய வேண்டும் என்பது இவற்றுக்கு நிபந்தனை அன்று.

பிற நாடுகளில்

தமிழர் மிகுதியாக வாழும் மலேசியாவில் 1987 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 52 ஆம் பிரிவிலும், சிங்கப்பூரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 84 ஆம் பிரிவிலும் இதேபோன்ற கடமைகளை விதிக்கின்றன. ஐக்கிய இராச்சியத்தில் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு ஓட்டுநர் நின்று விவரம் தர வேண்டும் என்றும், தரவில்லையெனில் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 24 மணி நேரம் என்ற வரம்பு இந்நாடுகளுக்கெல்லாம் பொது. கும்பலின் சீற்றத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு விலக்களிப்பது இந்தியச் சட்டத்தின் தனித்தன்மை எனலாம்.